கவிச்சியும் சத்துவமும்

பன்னிரண்டு வருஷம் இருக்கும். பிள்ளைச்சாவடிக் கடலோரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் யோகா வகுப்பு நடந்தது. நான் அப்போது எம்.ஏ. தமிழ் முதல் வருஷம். முதல் மாதம் முடிந்த அன்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். 'யோக சாதகர்களுக்கான உணவு' என்று தலைப்பு. கீழே மூன்று பத்திகள்: சாத்வீகம், ராஜசம், தாமசம். முதல் பத்தியில் பால், நெய், பழம், தேன், பச்சரிசி, பாசிப்பருப்பு. இரண்டாவதில் புளி, மிளகாய், வெங்காயம், பூண்டு, உப்பு மிகுந்த பண்டங்கள். மூன்றாவதில் இறைச்சி, மீன், முட்டை, கருவாடு, மது, பழைய சோறு.

கருவாடும் சாராயமும் பழைய சோறும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்ததெல்லாம் இரண்டாவது, மூன்றாவது பத்திக்காரர்கள் என்பது மட்டும் உறைத்தது. முதல் பத்தியில் உள்ளவை யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ கோயில் காரியம் என்றாலோதான் வீட்டுக்குள் வரும். அப்படியானால் நாங்கள் பிறந்ததிலிருந்து தமோ குணத்தைத்தான் தின்று வளர்ந்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே மீனை விட்டேன். பதினாலு மாதம்.

அம்மா அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றவள். எனக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கினாள். காலையில் நெத்திலி ஆய்ந்த கையை மத்தியானம் சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, புளி போட்டுத் தேய்ப்பாள். பிறகு கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நாத்தம் வருதா பாருடா" என்பாள். வரவில்லை என்று நான் சொன்ன பிறகே எனக்குச் சோறு போடுவாள். அவளும் அக்காவும் பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. அவர்களாகவே போனார்கள். 'அவர்களாகவே' என்கிற இந்தச் சொல் இன்றுவரை என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

யோக உணவு என்று இன்றைக்குச் சொல்லப்படுவது ஒரு பிரதி. அதை நம்புகிறவர்களும் கேலி செய்கிறவர்களும் வாசிப்பதே இல்லை. வாசித்துப் பார்க்கலாம்.

தாளின் மூல ஊற்று கீதையின் பதினேழாம் அத்தியாயம், 8 முதல் 10 வரையுள்ள சுலோகங்கள். இவற்றில் மீன் என்ற சொல் கிடையாது. இறைச்சியும் கிடையாது, வெங்காயமும் பூண்டும் கிடையாது. சுலோகங்கள் பண்டங்களைப் பட்டியலிடவில்லை, சுவைகளையும் நிலைகளையும் சொல்கின்றன. ராஜசக்காரனுக்குப் பிடித்தது எது என்றால் காரம், புளிப்பு, உப்பு, அதிகச் சூடு, உறைப்பு, வறட்சி, எரிச்சல். முதல்முறை மூலத்தோடு வைத்துப் படித்தபோது சிரித்துவிட்டேன். இது எங்கள் ஊர் மீன் குழம்பின் செய்முறை அல்லவா! மீனை மட்டும்தான் சொல்லாமல் விட்டிருக்கிறது. தாமசக்காரனுக்குப் பிடித்தது சமைத்து நேரம் கடந்தது, சாரம் போனது, நாறுவது, இரவு தங்கியது, எச்சில், வேள்விக்கு ஆகாதது. இரவு தங்கியது என்றால் பழைய சோறு. 'வேள்விக்கு ஆகாதது' என்கிற கடைசிச் சொல்லுக்குள்தான் உரைகாரர்கள் மாமிசத்தை நுழைத்தார்கள். பிரதியில் இல்லாததை உரை தருகிறது, உரை தந்ததைத் தாள் அச்சடிக்கிறது, தாளில் அச்சானதை என் அம்மாவின் கை புளி போட்டுத் தேய்த்துக் கழுவுகிறது. அதிகாரம் இப்படித்தான் இறங்கி வருகிறது. யாரும் கட்டளை இட வேண்டியதில்லை.

இரவு தங்கிய சோறு யாருக்கு? சுடச்சுடச் சமைத்து உடனே சாப்பிடுவதற்கு, சமைத்துப் போட வீட்டில் வேறொருத்தி இருக்க வேண்டும், நண்பகலில் வீட்டில் இருக்கிற தொழிலும் வேண்டும். விடியுமுன் படகிறங்குகிறவனுக்கும் அவனுக்கு முன்பே எழுந்து கரையில் ஏலத்துக்கு நிற்கிறவளுக்கும் நீராகாரம்தான் உண்டு. உழைப்பின் கால அட்டவணை ஒரு குணமாக எழுதப்படுகிறது, பிறகு அந்தக் குணம் ஆளின் இயல்பாகிவிடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றைக் குடல் நோய்க்கு ஆராய்ந்த செய்தி வந்ததும் நம் நண்பர்கள் சிலர் குதித்தார்கள். எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. ஆஸ்பத்திரி சான்றிதழ் கொடுத்த பிறகுதான் நம் சோறு மானமுள்ளதாக ஆகும் என்றால் அது இன்னொரு தாள்தான்.

ஹடயோகப் பிரதீபிகை இதைவிடச் சுவாரசியமானது. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் செய்த நூல். யோகிக்கு ஆகாதவை என்று முதல் உபதேசத்தில் ஒரு பெரிய வரிசை வருகிறது. மது, மீன், ஆட்டிறைச்சி, பூண்டு எல்லாம் உண்டு. நம் வகுப்புக்காரர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். வரிசை நிற்பதில்லை. தயிர் ஆகாது, மோர் ஆகாது. எள், எண்ணெய், கடுகு, கொள்ளு, இலந்தை, பிண்ணாக்கு, பெருங்காயம் எதுவும் ஆகாது. தயிர்சாதமும் பெருங்காயம் மணக்கிற சாம்பாரும் நல்லெண்ணெய் ஊற்றிய இட்லிப்பொடியும் இந்தக் கணக்கில் நெத்திலியோடுதான் சேர்த்தி. ஆனால் தயிர்சாதத்தை எந்த யோக வகுப்பும் தாமசப் பத்தியில் போட்டு நான் பார்த்ததில்லை. ஏன் போடவில்லை? எவருடைய அடுப்பங்கரையில் அந்தத் தாள் எழுதப்பட்டது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். நூலிலிருந்து எடுத்ததுபோலத் தோன்றினாலும் அந்தப் பட்டியல் ஒரு குறிப்பிட்ட சாதியின் அன்றாடச் சாப்பாடு. யோகத்தின் பெயர் அதற்கு ஒரு போர்வை.

அதே நூல் ஆகும் என்று சொல்வது கோதுமை, நெல்லரிசி, வாற்கோதுமை, பால், நெய், வெண்ணெய், கற்கண்டு, தேன், சுக்கு, பாசிப்பயறு. வயிற்றில் கால் பாகத்தைக் காலியாக விட்டு, நெய்ப்பும் இனிப்புமாக உண்பதற்கு மிதாகாரம் என்று பெயர். வயிறு நிறைந்தவனுக்குத்தான் காலியாக விட ஒரு கால் பாகம் இருக்கிறது. காற்றுக்கும் மழைக்கும் கடலில் இறங்காமல் வீட்டில் குந்தியிருக்கிற நாட்களில் எங்கள் தெருவில் முக்கால் பாகமும் காலிதான். அதற்கு எந்த யோகமும் பெயர் வைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயம் செய்ய வேண்டும். யோகத்துக்கே மூலமென்று சொல்லப்படும் பதஞ்சலி சூத்திரத்தில் உணவுப் பட்டியலே கிடையாது. அகிம்சை உண்டு, சௌசம் உண்டு. எதைத் தின்ன வேண்டும் என்று அது உட்கார்ந்து எழுதவில்லை. சாந்தோக்கியத்தில் ஆகாரம் தூய்மையானால் சத்துவம் தூய்மையாகும் என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்த 'ஆகாரம்' எது என்பதில் பெரிய தகராறு. புலன்கள் வழியாக உள்ளே வாங்கும் எல்லாமே ஆகாரம்தான், காண்பதும் கேட்பதும் உட்பட, என்பது சங்கரர் பக்கம். சாப்பாடுதான் என்பது ராமானுஜர் பக்கம். விவேகானந்தர் பக்தி யோகம் பற்றிப் பேசும்போது இந்தத் தகராறை எடுத்துச் சொல்கிறார். ராமானுஜர் பக்கத்து மூன்று தோஷங்களையும் விவரிக்கிறார். பண்டத்தின் இயல்பிலேயே உள்ள குற்றம் ஜாதி தோஷம். முடி, தூசு விழுந்தால் நிமித்த தோஷம். இரண்டுக்கும் நடுவில் ஆசிரய தோஷம் என்று ஒன்று: கொடுக்கிற ஆளால் உணவுக்கு வரும் குற்றம்.

இந்த நடுத் தோஷம்தான் சங்கதி. இன்றைய யோகத் தாள் முதலாவதை அச்சடிக்கிறது. மூன்றாவதைச் சுகாதாரம் என்று அழைத்துக்கொள்கிறது. இரண்டாவதைப் பற்றி வாயே திறக்காது. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, பண்டத்தைத் தள்ளினால் அதைத் தொட்ட கையும் தானாகத் தள்ளிப்போகும். என் வீட்டில் நடந்தது அதுதான். நான் மீனைத்தான் விட்டேன். பின்கட்டுக்குப் போனது அம்மா. (விவேகானந்தரே மதம் சமையல் பானைக்குள் போய்விட்டதென்று கோபப்பட்டவர். மாமிசம் சாப்பிட்டவரும்கூட. அவர் படத்தைச் சுவரில் மாட்டித்தான் எங்கள் வகுப்பில் தாள் கொடுத்தார்கள்.)

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது அரவிந்தரைத் தாண்டிப் போக முடியாது. 1910 ஏப்ரலில் அவர் இங்கு வந்து இறங்கினார். முதல் ஆறு மாதம் தங்கியது சங்கர செட்டியார் வீட்டில். அங்கே இருந்தபோது 23 நாள் உண்ணாமல் இருந்திருக்கிறார், வழக்கமான வேலைகளையும் நடையையும் விடாமலே. அதற்கு முன்பு அலிப்பூர்ச் சிறையில் பத்து நாள். இவ்வளவு செய்து பார்த்த மனிதர், பின்னாளில் சாதகர்களுக்கு எழுதிய கடிதங்களில் உணவை ஒரு பெரிய விஷயமாக்குவதையே கண்டித்தார். உணவின் மேலுள்ள பேராசையும் பற்றும்தான் யோகத்துக்கு எதிரி. பட்டினி கிடப்பதும் தட்டையே நினைத்துக்கொண்டிருப்பதும் அதே பற்றின் மறுபக்கம். சாத்வீக உணவு உதவலாம், அதுவே சாதனை ஆகிவிடாது. அவருடைய நிலை ஏறக்குறைய இதுதான். ஆனால் ஆசிரமச் சாப்பாட்டுக் கூடம் சைவம். கடிதம் ஒன்று சொல்கிறது, அடுப்பு ஒன்று சொல்கிறது. இதை முரண்பாடு என்று பிடித்துக்கொண்டு ஆட நான் தயாரில்லை. பல ஊர்க்காரர்கள் ஒன்றாகச் சாப்பிடும் இடத்தில் ஒரு பொதுவிதி தேவைப்படலாம். என் கேள்வி வேறு. ஊருக்குள் பரவியது கடிதமா, அடுப்பா? கடிதத்தைப் படித்தவர்கள் சிலர். சைவம் என்றால் மேல் என்பதைக் கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும்.

இதே புதுச்சேரியில் அடைக்கலமாகப் பத்தாண்டு இருந்தவர் வ.வே.சு. ஐயர். அரவிந்தரையும் பாரதியையும் அறிந்தவர், கம்பனில் தோய்ந்தவர், புரட்சிக்காரர். 1922இல் தொடங்கி, பிறகு சேரன்மாதேவியில் நடந்த அவருடைய குருகுலத்தில் என்ன ஆயிற்று? இரண்டு பார்ப்பனப் பையன்களுக்குத் தனிப் பந்தி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை விடவில்லை, 1925 வாக்கில் தமிழ்நாட்டுக் காங்கிரசே அந்த இலையில் இரண்டாகப் பிளந்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே சோறுதான். பண்டத்தில் தோஷம் இல்லை, பந்தியில்தான் தோஷம். தேசத்துக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவரால் ஆசிரய தோஷத்தை விட முடியவில்லை, அல்லது விடாதவர்களை மீற முடியவில்லை. திருவண்ணாமலை ரமணாசிரமச் சாப்பாட்டுக் கூடத்திலும் பார்ப்பனர்களுக்குத் தனி வரிசை இருந்ததை அங்கிருந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். 'நான் யார்?' நூலில் ரமணர் நியமங்களிலெல்லாம் சிறந்ததாகச் சொல்வது அளவான சாத்வீக உணவை. விடியுமுன் சமையல்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் அவர். அவரை நான் மதிக்கிறேன். அந்தக் கூடத்தின் தடுப்பு அவருடைய வாக்கியத்துக்குள்ளும் ஓடுகிறதா என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கொல்லாமைக்கும் தூய்மைக்கும் உள்ள வித்தியாசத்தை நம் விவாதங்களில் குழப்பிக்கொள்கிறோம். வள்ளலார் புலால் மறுத்தது உயிர் துடிப்பதைப் பார்த்து. தின்கிறவனுடைய குணம் மேலேறுமா கீழிறங்குமா என்பது அங்கே இரண்டாம் பட்சம். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய் நீங்களும் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இருந்தும் புலால் உண்பவரைப் 'புறவினத்தார்' என்றார் அவரும். பசியை ஆற்றலாம், அதற்கு மேல் உறவு இல்லை. சாதியை எல்லாம் குப்பை என்று தள்ளிய ஒருவர் புதிதாக ஒரு கோடு கிழிக்கிறார். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என் தெரு முழுக்க நிற்கிறது. வடலூர்ப் பந்தியில் மூன்று முறை சாப்பிட்டிருக்கிறேன், கண் கலங்கியும் இருக்கிறேன். மூன்று முறையும் அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

வள்ளுவர் புலால் மறுத்தலை வைத்தது துறவறவியலில். இல்லறவியலில் அல்ல. உணவை எப்படி உண்பது என்று மருந்து அதிகாரத்தில் பேசும்போது செரித்தது அறிந்து, அளவறிந்து உண்ணச் சொல்கிறாரே தவிர, பண்டங்களுக்குக் குணம் ஒட்டவில்லை. இயல்களின் பெயரும் வைப்பும் யாருடையவை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வாசித்து வந்த மரபு துறவிக்கும் இல்லறத்தானுக்கும் வேறு வேறு தட்டு வைத்திருந்தது என்பது போதும். இன்றைய யோகச் சந்தை அந்தத் தட்டுகளைக் கலந்துவிட்டது. எதையும் துறக்காதவனுக்குத் துறவியின் உணவை விற்கிறது.

சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம், தமிழ் படித்தவனுக்கு வேறென்ன வேலை. மரக்கறி உண்பதற்குச் 'சைவம்' என்று ஒரு சமயத்தின் பெயர். மற்றதெல்லாம் 'அசைவம்'. எதிர்மறை முன்னொட்டோடு பிறந்த சொல், தனக்கென்று பெயரில்லாதது. மீன் தின்கிறவனை 'இல்லாதவன்' என்றே குறிக்கிறது மொழி. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சைவ உணவினர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மூன்று பேர் உடன்பாட்டில் நிற்க, தொண்ணூற்றேழு பேர் எதிர்மறையில் நிற்கிறோம். 'நாற்றம்' சங்கப் பாட்டில் மணம். இன்று அம்மா என் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டது.

எந்த மாதத்தில் கேட்டாளோ அதே மாதத்தில் எங்களுக்கு நற்றிணை பாடம். 45ஆம் பாட்டு. தேரில் வருகிற பணக்கார வீட்டுப் பையனிடம் தோழி பேசுகிறாள்: இவள் பரதவர் மகள், நீ பெரிய ஊர்க்காரன், நாங்கள் சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலவு வீசும், தள்ளி நில், எங்கள் சின்ன வாழ்க்கை உன்னோடு ஒத்துவராது, எங்களிலும் மேன்மை உள்ளவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் உள்ளுறை, குறிப்பு என்று எழுதிக்கொண்டோம். புலவு நாறுகிறவள்தான் அங்கே 'தள்ளி நில்' என்கிறாள்! தள்ளிப்போகச் சொல்கிற உரிமை அவளிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவள் கையைக் கழுவிவிட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். பாடத்தையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி வரவில்லை. தேர்வில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண்.

புறநானூறு 14இல் கபிலர் சேரனிடம் தன் கை மெத்தென்று இருப்பதற்குக் காரணமாக ஊனும் துவையும் கறியும் சோறும் உண்டு வருந்துவதைத்தான் சொல்கிறார். தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட புலவர் அவர். வைதிகர்கள் எப்போது, ஏன் மாமிசத்தை விட்டார்கள் என்பதற்கு 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில் ஒரு விடை வைத்தார்: பௌத்தத்தோடு நடந்த போட்டியில் ஒரு படி மேலே ஏறி நிற்க. அந்த விடையின் எல்லா அடுக்குகளையும் வரலாற்றுக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தட்டு ஒரு ஆயுதமாக இருந்திருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சரி, மீனவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடே தெரியாதா? தெரியும். மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் வீட்டில் கவிச்சி ஏறாது. கோயில் கொடியேறினால் தெருவே அடங்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுப்பதும் ஒரு உணவு விதிதான், பால் ஊறும் என்கிற கணக்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு அரசாங்கமே விரதம் விதிக்கிறது, மீன் முட்டையிடட்டும் என்று. இவற்றில் எதுவும் தின்கிறவனைத் தின்னாதவனுக்குக் கீழே நிறுத்துவதில்லை. விரதம் முடிந்ததும் சட்டி மறுபடி அடுப்பில் ஏறும். இந்த வகை அறிவை யாரும் தாள் போட்டுக் கொடுக்கவில்லை. புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை பல ஆண்டுகளாக ஜனவரி முதல் வாரத்தில் நடத்தி வந்த சர்வதேச யோகா விழாக்களில் இதற்கு ஒரு மேடை இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இதற்கிடையில் கடல் வேறு எங்களைத் தின்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் கல் கொட்டிய பிறகு வடக்கு நோக்கிய மணல் வரத்து தடைப்பட்டது. கரை அரித்துக்கொண்டே வந்து, எங்கள் பக்கத்திலும் வலை காயப்போட்ட இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. கருவாடு காயவைக்க இடம் தேடி அலைகிறார்கள். கீற்றுக் கொட்டகை நின்ற இடமும் போயிற்று. வகுப்பு சாலைக்கு மேற்கே ஒரு மாடிக்கு மாறியது. சர்க்கரை வந்ததால் அக்கா இப்போது அங்கே போகிறாள். மூச்சுப் பயிற்சியில் தூக்கம் நன்றாக வருகிறது என்கிறாள். வரட்டும். உடம்புக்கு நல்லது என்று அவளுக்குப் பட்டதை நான் கருத்தியல் சொல்லிக் கெடுக்கப் போவதில்லை. தாள் இப்போது கைபேசியில் வருகிறது. சாத்வீகப் பத்தியில் கம்பும் கேழ்வரகும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. எங்கள் ஆத்தா காலத்தில் அவை ஏழை தின்கிற கூழ். 2023 சிறுதானிய ஆண்டானதும் குணம் மாறிவிட்டது போலும். கருவாடு மட்டும் இன்னும் மூன்றாவது பத்தியில்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு இல்ல" என்று நகர்த்திவிடுகிறாள். இருபது வயதில் எனக்கு அது வரவில்லை.

பதினாலாவது மாதம் நான் மறுபடி மீன் சாப்பிட உட்கார்ந்தேன். எந்தச் சிந்தனைப் புரட்சியும் நடக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, பின்கட்டில் நனைந்தபடி அம்மா தட்டோடு நின்றாள், அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டு அவள் தட்டிலேயே கை வைத்தேன். வஞ்சிரமில்லை, காரப்பொடிதான். ஒரு கவளம் உள்ளே போனதும் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அம்மா முதுகைத் தடவிவிட்டு, "உடு, ஒத்துக்கலன்னா எதுக்குத் துன்ற" என்றாள்.

இப்போது சாப்பிடுகிறேன். சங்கரா, வஞ்சிரம், எறா எல்லாம் இறங்குகிறது. நெத்திலியும் கருவாடும் இன்னும் இறங்குவதில்லை. வாசம் வந்ததும் தொண்டை தானாக மூடிக்கொள்கிறது. இத்தனையும் படித்து, எழுதி, கூட்டங்களில் பேசிய பிறகும் அப்படித்தான். அம்மா அதைக் கவனித்திருக்கிறாள். நான் வீட்டுக்குப் போகிற அன்றைக்கு இப்போதும் கருவாட்டுப் பானையைப் பின்கட்டுக்கு எடுத்து வைத்துவிடுகிறாள்.